திருத்துவதா, புதிது வாங்குவதா?

வீட்டில் ஒரு பொருள் பழுதடைந்தால் அதைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வி, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் எமக்கு ஒரு பாடமாக இருந்தது. வன்னியில் களப்பணி செய்யும் இன்று அதை ஒவ்வொரு கிழமையும் ஏதாவது ஒரு வீட்டில் சந்திக்கிறேன். எமது குடும்பங்களில் சட்டி பானை, உடுதுணி பற்றிப் பெண்ணும், சைக்கிள், மோட்டார், றேடியோ, ரீவி பற்றி ஆணும் முடிவெடுப்பதே வழக்கமாக இருந்து வந்தது. யுத்தத்தின் பின்னர், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் இந்த இரண்டாவது வகைப் பொருட்களும் பெண்ணின் பொறுப்பாகிவிட்டன. ஆனால் அவற்றைப் பற்றிய அறிவை யாரும் அவளிடம் கையளிக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் தவணைக்கு விற்பவரும், கடன் கொடுப்பவரும், சில வேளைகளில் நேர்மையற்ற திருத்துநரும் நுழைகிறார்கள்.

ரீவி ஓர் ஆடம்பரப் பொருள்தானே என்று சிலர் கேட்கலாம். உதவித்திட்டம் ஒன்றுக்குப் பயனாளிகளைத் தெரிவு செய்யும்போது, "அந்த வீட்டில ரீவி இருக்கு" என்று ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த நியாயத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 1990 இல் வடக்குக்கான மின்சாரம் நின்றுபோன பிறகு, ரீவியையும் டெக்கையும் ஜெனறேற்றரையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, ஊர் கூடி விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை எமது. 2009 க்குப் பின் மீள்குடியேறிய கிராமங்களுக்கு மின்கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது, பல வீடுகளில் முதல் வாங்கிய பெரிய பொருள் ரீவிதான். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட வேளை பாடங்கள் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகின. பகல் முழுவதும் தனித்திருக்கும் வயதானவர்களுக்கு அது பேச்சுத் துணை. ஆகவே ஒரு தாய் தன் வீட்டு ரீவியைப் பற்றிக் கவலைப்படுவதை நான் சிறிய விடயமாக எடுப்பதில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் நான் அடிக்கடி சந்திக்கும் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை. பதினைந்து வயதில் மகள், பன்னிரண்டு வயதில் மகன், எழுபதைத் தாண்டிய மாமியார். அக்கா வேலை முடிந்து வீடு வர ஏழு மணியாகும். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி முடித்த பிறகு, 2013 இல், கச்சான் விற்ற காசில் வாங்கிய 21 அங்குல ரியூப் ரீவி ஒன்று அவர்களிடம் இருந்தது. சென்ற ஆண்டு ஒரு நாள் அதில் படம் மறைந்துவிட்டது.

"தங்கச்சி, சத்தம் நல்லா வருது. படம் மட்டும் நடுவில ஒரு வெள்ளைக் கோடாக் கிடக்கு. தவணைக்குச் சாமான் கொண்டு வாற தம்பி பாத்திட்டு, உது இனிச் சரிவராது எண்டிட்டார். நாளைக்கே புதுசு கொண்டந்து பூட்டித் தாறாராம். என்ன செய்யிறது?"

அவருடைய அவசரத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. ரீவி இல்லாத மூன்று நாட்களாக, நாடகம் பார்ப்பதற்காக மகள் இரண்டு வளவு தள்ளியுள்ள ஒரு வீட்டுக்குப் பின்னேரங்களில் போய் வந்தாள். அங்கே வேலைக்கு வந்து தங்கியிருக்கும் ஆண்களும் இருந்தார்கள். அக்கா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "பொழுதுபட்டாப் பிள்ளை வீட்டில இல்லை" என்று மாத்திரம் சொன்னார். தவணைக்காரரின் "நாளைக்கே" என்ற சொல் இவ்வாறான வீடுகளில்தான் எடுபடுகிறது. நாங்கள் முதலில் அதற்கு ஒரு வழி செய்தோம். ரீவி சரிவரும் வரை மகள் போவதென்றால் அப்பம்மாவும் கூடப் போவது என்று முடிவாகியது. மகளுக்கு அதில் பெரிய விருப்பமில்லை, இரண்டு நாளில் போவதையே நிறுத்திவிட்டாள். அவசரம் தணிந்த பின்புதான் கணக்குப் பார்க்க முடிந்தது.

தவணைக்காரர் சொன்னது இதுதான்: முற்பணம் 7,000 ரூபா, பின்னர் மாதம் 3,900 ரூபா வீதம் பன்னிரண்டு மாதம். மாதம் 3,900 என்று கேட்கும்போது பாரமாகத் தெரிவதில்லை. கூட்டிப் பார்த்தால் 53,800. அதே அளவு எல்.ஈ.டி. ரீவி பட்டணத்தில் கைக்காசுக்கு 42,000. மேலதிகமாகப் போகும் காசு 11,800 ரூபா. பிறகு அந்தப் பழைய ரீவியைப் பட்டணத்தில் ஒரு திருத்தகத்துக்குக் கொண்டு போனோம். படத்தை மேலும் கீழுமாக விரித்துக் காட்டும் ஒரு சிறிய பாகம் எரிந்து போயிருந்தது. வெள்ளைக் கோடு அதன் அடையாளமாம். சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து 3,800 ரூபா. தவணையில் மேலதிகமாகக் கொடுக்கவிருந்த காசில் அந்த ரீவியை மூன்று முறை திருத்தியிருக்கலாம். சாமான் வர எட்டு நாள் எடுத்தது. ரீவி இப்போதும் ஓடுகிறது.

இதிலிருந்து பழையதைத் திருத்துவதே எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் பழுது என்ன என்று தெரிய வேண்டும். சில பழுதுகளை நாமே அடையாளம் காணலாம்.

எதுவுமே வேலை செய்யவில்லை, சிவப்பு லைற்றும் எரியவில்லை என்றால் முதலில் பிளக், வயர், சுவரிலுள்ள சுவிட்ச் ஆகியவற்றை வேறொரு பொருளைப் பூட்டிப் பார்க்கலாம். அவை சரியென்றால் உள்ளே பியூஸ் அல்லது மின்சாரம் வழங்கும் பகுதி பழுதாகியிருக்கலாம். பெரும்பாலும் இது திருத்தக் கூடியது. ரியூப் ரீவியில் ஒரு மூலையில் நிறம் மாறியிருந்தால் அருகில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் படத்தின் நிறத்தைக் கெடுக்கும், தள்ளி வைத்தால் பல வேளைகளில் சரியாகிவிடும். ஆனால் ரீவியைப் போட்டுப் பல நிமிடம் கழித்துத்தான் படம் வெளிச்சமாகிறது, முகங்கள் கலங்கித் தெரிகின்றன என்றால் பெரும்பாலும் ரியூப் களைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். எல்.ஈ.டி. ரீவியில் சத்தம் வந்து படம் இருட்டாக இருந்தால், இருட்டறையில் ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்துத் திரையைப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் பகுதிதான் பழுது, அதைத் திருத்தலாம். திரை வெடித்திருந்தால் அதைத் திருத்தும் செலவு புதிய ரீவியின் விலைக்குக் கிட்டப் போய்விடும். செங்குத்தாகக் கோடுகள் விழுந்திருந்தாலும் பெரும்பாலும் திரைதான் காரணம்.

இதற்கெல்லாம் முன்னர் டிஷ் பெட்டியையும் அதன் வயரையும் ஒரு தரம் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ஒரு வீட்டில் பேரன் றிமோட்டில் எதையோ அழுத்தியதால் படம் வராமல் போக, வந்த திருத்துநர் ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு 1,500 ரூபா வாங்கிச் சென்றார். அம்மம்மா இன்றும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்!

பின்மூடியை மாத்திரம் எக்காரணம் கொண்டும் நீங்களோ பிள்ளைகளோ கழற்ற வேண்டாம். ரியூப் ரீவிக்குள் பல்லாயிரம் வோல்ற் அழுத்தம் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உள்ளே தங்கியிருக்கக் கூடும்.

திருத்தக் கொடுக்கும்போது வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை சில உள்ளன. பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, திருத்த எவ்வளவு என்பதை முன்னரே கேளுங்கள். தொகையைச் சொல்லி உங்கள் சம்மதம் பெற்ற பின்னரே வேலை தொடங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்கு உத்தரவாதம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். "அவர் இல்லை எண்டதால நான் என்னத்தைக் கேக்கிறது" என்று பல சகோதரிகள் சொல்வார்கள். காசு உங்களுடையது, கேட்பதற்கு அந்த ஒரு தகுதி போதும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. முறைப்பாடு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கலாம். திருத்துநர் வீட்டுக்கு வருவதானால், அயலில் உள்ள ஒருவரும் கூட இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

எந்தக் கட்டத்தில் புதிது வாங்குவது? முல்லைத்தீவில் ஒரு சகோதரி ஒரே ஆண்டில் மூன்று பேரிடம் கொடுத்துத் திருத்தினார். முதலில் 2,500, பிறகு 4,000, பிறகு 5,000. மொத்தம் 11,500 ரூபா போன பிறகு, நான்காவதாகப் பார்த்தவர் ரியூப்பே போய்விட்டது என்றார். ஒவ்வொரு முறையும் "இவ்வளவு செலவழிச்சிட்டன், இதையும் செய்து பாப்பம்" என்றே அவர் கொடுத்திருக்கிறார். போன காசு போனதுதான், அடுத்த முடிவை அதை வைத்து எடுக்க முடியாது. என் கணக்கு இதுதான்: பழைய ரீவியைத் திருத்தும் செலவு, புதியதன் கைக்காசு விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் திருத்த வேண்டாம். ஒரே பழுது ஓர் ஆண்டுக்குள் இரண்டாம் முறை வந்தாலும் திருத்த வேண்டாம்.

புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விற்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு? 80 வாற் ரியூப் ரீவி நாளுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 12 அலகு. 45 வாற் எல்.ஈ.டி. ரீவிக்கு ஏறத்தாழ 7 அலகு. மிச்சம் ஐந்து அலகு. அதை நம்பி நாற்பதாயிரம் செலவழிக்க முடியாது. ஒரு விடயத்தை மட்டும் பாருங்கள். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகுகளுக்கும் சேர்த்து வீதம் மாறுகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. உங்கள் பில் 62, 63 என்று வந்துகொண்டிருந்தால் அந்த ஐந்து அலகுக்குப் பெறுமதி உண்டு.

வாங்குவதென்று தீர்மானித்தால் காசு எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம். இந்த இடத்தில் நான் கடுமையாகவே எழுதுகிறேன். சுயதொழிலுக்கென்று நுண்கடன் எடுத்து ரீவி வாங்கிய ஒரு தாயை எனக்குத் தெரியும். கோழிக்கூட்டுக்கு எடுத்த கடனாகப் படிவத்தில் இருந்தது. கோழி முட்டையிடும், ரீவி எதையும் இடாது. கிழமைக் காசு சேர்க்க வருபவர்களின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் பின்வளவுக்குள் போய் நிற்பார், பிள்ளைகள் "அம்மா இல்லை" என்பார்கள். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். இப்படிப் பெண்கள் சிக்கியதால்தான் 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. "24 வீத வட்டி" என்று சொல்லப்படும்போது அது எதற்கான வட்டி என்று கேளுங்கள். மாதா மாதம் கடன் குறைந்துகொண்டு போக, வட்டியை மட்டும் முதலில் எடுத்த முழுத் தொகைக்கும் கணித்தால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும்.

சீட்டு எமது பெண்களுக்குத் தெரிந்த வழி. தெரிந்தவர்களுக்குள், கழிவில்லாமல், முறைப்படி எடுக்கும் சீட்டாக இருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு நட்டமில்லை. அது முடியாவிட்டால் பாவித்த ரீவி ஒன்றை வாங்கலாம். ஆனால் ஒரு மணித்தியாலமாவது ஓட விட்டுப் பார்த்த பின்னரே காசைக் கொடுங்கள். சூடானதும் வெளிப்படும் பழுதுகள் பல உண்டு.

வாங்கியதையும் திருத்தியதையும் காப்பாற்றவும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கோடு டிஷ் வயரையும் அன்ரனா வயரையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிற்பாட்டினால் போதாது. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள் நினைவிருக்கும். கறண்ட் திரும்பி வரும் கணத்தில் அழுத்தம் ஏறி இறங்குவதுண்டு. கறண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்து சில நிமிடம் கழித்துப் பூட்டுவது நல்லது.

இந்தக் கணக்குகள் எதற்குள்ளும் அடங்காத ஒரு ரீவியையும் நான் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பில் ஒரு தாயின் வீட்டில் அது இருக்கிறது. மத்திய கிழக்கில் உழைத்த காசில் கணவர் 2004 இல் வாங்கியது. 2007 இல் அவரைக் கொண்டுபோனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. ரீவி நின்று பல காலமாகிவிட்டது. பழைய சாமான் வாங்குபவர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள், தாய் கொடுக்க மாட்டார். திருத்துநரை அழைத்துக் காட்டினோம். ரியூப் முடிந்துவிட்டது என்று அவர் சொல்ல, "ஓடாட்டியும் பறவாயில்லை, அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுற?" என்றார் அந்தத் தாய். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தோம். மகன் பின்னர் வாங்கிய சிறிய ரீவி இப்போது அதன் மேலே இருக்கிறது.

பழையதை அகற்ற விரும்புபவர்கள் அதைக் குப்பைக் கிடங்கில் போட்டு உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம். ரியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அது கிணற்றடி மண்ணுக்கும் பிள்ளைகளின் உடம்புக்கும் கேடு. பாகங்களுக்காக அதை எடுக்கும் திருத்தகத்துக்குக் கொடுக்கலாம். அல்லது இலத்திரனியல் கழிவு எங்கே சேர்க்கிறார்கள் என்று உங்கள் பிரதேச சபையில் கேட்டுக் கொடுக்கலாம். அதுவரை மழை படாமல், கண்ணாடி சுவர்ப் பக்கம் பார்க்க வைத்திருங்கள்.