கணக்கைக் கேள், காசைக் கேளாதே!

கிண்டியிலே, சர்தார் பட்டேல் சாலையிலே, இரண்டு பெரிய கல்விக்கூடங்கள் இருக்கின்றன. ஒன்று, 1794-ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிப் பொறியியற் கல்லூரி. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். மற்றொன்று, 1959-இல் நிறுவப்பட்ட ஐ.ஐ.டி. இரண்டுமே பொறியாளர்களை உருவாக்குகின்றன. இரண்டுக்கும் கணக்குத் தெரிந்த மாணவனே தேவை. ஆனால், வாசலில் கேட்கப்படும் கேள்விதான் வேறு!

கிண்டிக் கல்லூரி என்ன கேட்கிறது? பிளஸ் டூ தேர்விலே கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்கு எவ்வளவு என்று கேட்கிறது. பள்ளியிலே படித்ததைக் கேட்கிறது.

ஐ.ஐ.டி.யில் பி.டெக். சேர அந்தக் கணக்கு செல்லாது. முதலில் ஜே.இ.இ. மெயின். அதில் முன்னணியில் வருகிற சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு அட்வான்ஸ்டு என்ற இரண்டாவது தேர்வு. முதல் தேர்வைத் தமிழில் எழுதலாம்; இரண்டாவதோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! இந்தி பேசும் மாணவன் தாய்மொழியில் கணக்குப் போடலாம். தமிழ் மாணவன் கூடாதாம். இது திறமையைத் தேடும் முறையா, மொழியால் சலிக்கும் சல்லடையா என்று கேட்கிறோம். அந்தத் தேர்வுக்குரிய பயிற்சியும் பள்ளிக்கு வெளியே, விலைக்கு விற்கப்படுகிறது. ஆலைத் தொழிலாளி அந்தப் பணத்துக்கு எங்கே போவான்?

நுழைவுத் தேர்வு இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்பார்கள் சிலர். 1984 முதல் தமிழ்நாட்டிலும் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007-இல் ஒழிந்தது. கிண்டியின் பெயர் கெட்டதா? மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்குகிறார்கள் என்ற குறையிலே உண்மை உண்டு. அதற்கு மருந்து, வினாத்தாளைத் திருத்துவது. கணக்காசிரியர் இல்லாத பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது. நோய் பள்ளியில் இருக்க, கல்லூரி வாசலைப் பூட்டுவது வைத்தியமாகுமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் நிலையறிந்துதான் 2021-இல் பொறியியலில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமாயிற்று.

பொறியியல் ஒன்றே வழி என்றும் எண்ணிவிட வேண்டாம். பொறியாளன் கணக்கைக் கருவியாகக் கொள்கிறான். கணித மாணவன் அந்தக் கணக்கு ஏன் உண்மை என்று நிறுவுகிறான். அது நான்காண்டுப் படிப்பு, பி.எஸ்சி. கணிதம் மூன்றாண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் அதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் தனித் தேர்வு உண்டு; கணக்கில் ஊறிய பிள்ளை அதையும் எழுதிப் பார்க்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். பிளஸ் டூவில் கணக்குப் படித்த பி.எஸ்சி. பட்டதாரிக்கும் இவ்வாய்ப்பு உண்டு. இதை எத்தனை தொழிலாளர் வீடுகள் அறிந்திருக்கின்றன?

தோழர்களே! மன்றங்களிலே, தொழிற்சங்க அலுவலகங்களிலே இதைச் சொல்லுங்கள். பதினோராம் வகுப்பில் பிரிவு தேர்ந்தெடுக்கும்போதே சொல்லுங்கள். கணக்கில்லாத பிரிவில் சேர்ந்த பிறகு வருந்திப் பயனில்லை. அதோடு, அட்வான்ஸ்டு தேர்வைத் தமிழிலும் நடத்து என்ற குரலையும் உரக்க எழுப்புங்கள். நாம் சலுகை கேட்கவில்லை. நம் பிள்ளைக்குக் கணக்குத் தெரியுமா என்பதை, அவனுக்குப் புரிகிற மொழியில் கேள் என்கிறோம்!