பாபிலோனுக்குப் போகும் முன்



சர்வதேச வணிகம் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஒரு வருடத்தை வெளிநாட்டில் கழிக்கிறார்கள். 2021இல் பிரிட்டன் தொடங்கிய டியூரிங் திட்டம் பலருக்கு அதற்கு உதவியது. மொழி, அந்நியச் செலாவணி, ஏற்றுமதி ஒப்பந்தம் எல்லாம் பல்கலைக்கழகம் கற்றுத்தரும். ஆனால் துறைமுகத்தில் சரக்கு தேங்கி நிற்க, "கொஞ்சம் கொடுத்தால் இன்றே விடுவோம்" என்று ஓர் அதிகாரி சொன்னால் என்ன செய்வீர்கள்?

அந்தச் சிறுதொகையும் லஞ்சமே. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம், அதன் குடிமக்கள் வேறு நாட்டில் கொடுத்தாலும் பொருந்தும். தண்டனை 10 ஆண்டு சிறை வரை போகலாம். "அங்கே அதுதான் வழக்கம்" என்ற சாக்குச் செல்லாது.

தானியேலுக்கும் அந்நிய தேசத்தில் மூன்று வருடப் பயிற்சி குறிக்கப்பட்டது. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் நன்றாகக் கற்றார். ராஜாவின் போஜனத்தை மட்டும் மறுத்தார். மறுத்த விதத்தையும் கவனியுங்கள்: பணிவாகக் கேட்டார், பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி மாற்று வழியும் சொன்னார்.

நீங்களும் புறப்படும் முன்பே தீர்மானியுங்கள். நிறுவனத்தின் லஞ்ச ஒழிப்பு விதிகளை வாசியுங்கள். யாரிடம் முறையிடுவது என்று கேட்டு வையுங்கள். எந்தக் கட்டணத்துக்கும் ரசீது வாங்குங்கள்.

பெற்றோரே, "கொடுக்க மறுத்தேன், வேலை போய்விடும் போலிருக்கிறது" என்று பிள்ளை போன் செய்யலாம். "வீட்டுக்கு வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்ல நீங்களும் ஆயத்தமாயிருங்கள்.