விரல் கோடும் மூன்று கடல் மைலும்

உங்களுக்குத் தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் ஃபயர்மின்ட் நிறுவனம் 2009-இல் ஐபோனுக்காக வெளியிட்ட ‘ஃப்ளைட் கன்ட்ரோல்’ விளையாட்டில் விமானங்களுக்கு உயரம் என்பதே கிடையாது! எல்லாம் ஒரே தளத்தில் ஊர்கின்றன. விரலால் கோடு கிழித்தால் விமானம் அதைப் பிடித்துக்கொண்டே ஓடுபாதைக்கு வந்துவிடும். இரண்டு மோதினால் ஆட்டம் முடிந்தது.

நிஜத்தில் மோதல் வரை போக வேண்டியதில்லை, நெருங்கினாலே தவறுதான். விமான நிலையத்தை ஒட்டிய ரேடார் வான்வெளியில் இரு விமானங்களுக்கு இடையே பொதுவாக 3 கடல் மைல் தூரமோ 1,000 அடி உயர வேறுபாடோ இருந்தாக வேண்டும். பெரிய விமானத்தின் பின்னால் சிறியது வந்தால் தூரம் இன்னும் கூடும். முன்னது கிளப்பிவிடும் காற்றுச்சுழல் பின்னதைப் புரட்டிப்போடலாம். ‘எண்ட்லெஸ் ஏடிசி’ போன்ற நிஜத்தை ஒட்டிய விளையாட்டுகளில் இந்தத் தூர, உயரக் கணக்கு உண்டு. அங்கே கோடு கிழிக்க முடியாது. திசை, உயரம், வேகம் என்று கட்டளை மட்டுமே கொடுக்கலாம். விமானம் தன் போக்கில், சாவகாசமாகத்தான் திரும்பும். அதற்குள் அடுத்தது வந்து நிற்கும்! (எளிமையானது மட்டம் என்று சொல்லவில்லை, பேருந்துப் பயணத்துக்கு விரல் கோடே உத்தமம்.)

இத்தகைய கட்டளைகளைக் குரலில் கேட்பதும் புதிதல்ல. 1985-இல் வந்த ‘கென்னடி அப்ரோச்’ விளையாட்டு கமடோர் 64 கணினியிலேயே செயற்கைக் குரலில் பேசியது.

2001-இல் தொடங்கிய ‘வாட்சிம்’ என்ற பாவனைப் பறப்பு இணைய வலையமைப்பிலோ விமானியும் கட்டுப்பாட்டாளரும் நிஜ மனிதர்கள். கட்டுப்பாட்டாளர் ஆவதற்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது.