இறால் குளத்துக்குள் நோய் நுழையும் வழிகள்

தஞ்சை, நாகை, இராமநாதபுரம் மாவட்டக் கடலோரங்களில் இறால் வளர்ப்பை நம்பி வாழும் குடும்பங்கள் பல. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தை இதில் போட்ட சகோதரர்களும் உண்டு. நான்கு மாத உழைப்பை ஒரே வாரத்தில் அழித்துவிடக் கூடியது வெள்ளைப்புள்ளி நோய்.

இது வைரஸால் வருவது. 1990களின் நடுவில் நம் கடற்கரைப் பண்ணைகளுக்குள் நுழைந்தது, இன்றுவரை போகவில்லை. நோய் கண்ட இறால் தீனி எடுக்காது, கரையோரம் ஒதுங்கும், ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மூன்று முதல் பத்து நாட்களுக்குள் குளமே காலியாகலாம். மனிதர்களுக்கு இந்த வைரஸ் தொற்றாது. ஆனால் இறாலைக் காப்பாற்ற மருந்தும் கிடையாது. கடைக்காரர் சொன்னார் என்று ஆன்டிபயாடிக் கொட்டுவது வீண் செலவு. அது வைரஸை ஒன்றும் செய்யாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட மருந்தின் எச்சம் இருந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வந்துவிடும்.

2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. அதன் தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நோயில்லாத குஞ்சு என்றால் நோய் வராத குஞ்சு என்று பொருளல்ல. குளத்து நீரில் வைரஸ் இருந்தால் அதுவும் சாகும்.

ஆகவே குஞ்சு வாங்கும்போது பிசிஆர் சோதனை முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரை நேரே குளத்தில் விடாமல், வலையில் வடிகட்டித் தேக்கக் குளத்தில் நிறுத்தி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அதன் வீரியம் அடங்கிய பிறகே ஏற்ற வேண்டும். நண்டு இந்த வைரஸைச் சுமந்து வரும். வரப்பைச் சுற்றி நண்டு வேலி அவசியம். செத்த இறாலைக் காகம் ஒரு குளத்தில் கொத்தி அடுத்த குளத்தில் போட்டுவிடும் என்பதால் மேலே கயிறு கட்டுகிறார்கள். ஒரு குளத்து வலையும் வாளியும் இன்னொரு குளத்துக்குப் போகக் கூடாது. சொல்ல எளிது, ஆள் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

வடகிழக்குப் பருவமழையில் நீரின் சூடும் உப்பும் சட்டென்று குறையும்போது இறால் தளர்ந்துவிடும். அந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நோய் வந்துவிட்டால்? இரவோடு இரவாக மதகைத் திறந்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரரின் கதி என்ன? அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நாம் அறிந்தவை குளத்தங்கரைக்கும் பொருந்தும். தண்ணீரை வெளியே விடாமல் இறாலைப் பிடித்துவிட்டு, குளத்து நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து பல நாட்கள் தேக்கி வைக்க வேண்டும். செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு அன்றே தகவல் சொல்லிவிட்டால், அவர்கள் தங்கள் மோட்டாரை நிறுத்திக்கொள்வார்கள்.