சிறு வணிக நிறுவனத்திற்கான வணிக அட்டை

வணிக அட்டை என்பது ஒரு வணிகரின் பெயர், அவர் செய்யும் தொழில், அவரைத் தேடி வரும் வழி ஆகிய மூன்றையும் சட்டைப் பைக்குள் அடங்கும்படி சுருக்கித் தரும் அச்சிட்ட அட்டையாகும். பெயரட்டை, அறிமுக அட்டை, முகவரி அட்டை என்று பல பெயர்கள் எழுத்தில் இருந்தாலும் கடைத்தெருவில் இதற்கு ஒரே பெயர்தான்: விசிட்டிங் கார்டு.

பெரிய நிறுவனங்களுக்கு விளம்பரம், இணையதளம், விற்பனைப் பிரதிநிதிகள் என்று பல வாய்கள் உண்டு. சிறு வணிகருக்கு அவர் இல்லாத இடத்தில் அவருக்காகப் பேசுவது பெரும்பாலும் இந்த அட்டை மட்டுமே. அதில் ஓர் எண் தவறினால் போகும் வாடிக்கையாளர் போனது வணிகருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அழகைக் காட்டிலும் பிழையின்மையும் பயனுமே இதில் முதலில் கவனிக்க வேண்டியவை.

இக்கட்டுரை திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டை போன்ற ஒரு பேரூரில் அரிசி, தேங்காய், தானியம் வாங்கி விற்கும் சிறு நிறுவனத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சித்தையன்கோட்டை செம்பட்டிக்கு அருகில், ஆத்தூர் வட்டத்தில், நெல் விளையும் சமவெளியில் உள்ளது.

தோற்றம்

ஐரோப்பாவில் ஒருவர் வீட்டுக்குச் செல்லும்போது கொடுக்கும் சந்திப்பு அட்டையும், கடைக்காரர்கள் வழங்கிய வணிகச் சீட்டும் தனித்தனியாகத் தோன்றிப் பின்னர் ஒன்று கலந்தன. லண்டனில் வீடுகளுக்குக் கதவு எண் இல்லாத காலத்தில் கடைச் சீட்டுகளில் கடையின் அடையாளப் படமும் அங்கே செல்லும் வழியும் அச்சிடப்பட்டன. இன்றும் நம் ஊர் அட்டைகளில் 'பள்ளிவாசல் எதிரில்', 'பஸ் ஸ்டாண்ட் பின்புறம்' என்று அச்சிடுவது அதே தேவையால்தான். இதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று எண்ணி நீக்கிவிடும் வடிவமைப்பாளர்கள் உண்டு. நீக்கக் கூடாது. லாரி ஓட்டுநருக்குக் கதவு எண்ணைவிட அதுவே உதவும்.

தமிழ்நாட்டில் அட்டை அச்சு மலிவானதற்குச் சிவகாசி ஒரு முக்கியக் காரணம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிகளுக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. பல வாடிக்கையாளர்களின் அட்டைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிட்டு வெட்டுவதால் ஒவ்வொருவருக்கும் செலவு குறைகிறது. அதில் ஒரு குறையும் உண்டு: பக்கத்தில் இருக்கும் அட்டையின் மையளவுக்கு ஏற்ப நம் அட்டையின் நிறம் சற்று மாறி வரலாம். ஆகவே குறிப்பிட்ட ஒரு பச்சை நிறமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் தனியாக அச்சிட வேண்டும்.

பெயரும் தொழிலும்

நம் ஊர் நிறுவனப் பெயர்களில் பெரும்பாலானவை 'டிரேடர்ஸ்', 'அன் கோ', 'ஏஜென்சீஸ்' என்று முடிகின்றன. முன்னால் இரண்டு தலைப்பெழுத்துகள் இருக்கும். இத்தகைய பெயர் எதை விற்கிறார்கள் என்பதைச் சொல்லாது. சிமெண்டா, சீனியா, வைக்கோலா? ஆறு மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பார்ப்பவருக்கு ஆளின் முகம் மறந்திருக்கும். ஆகவே பெயருக்கு அடுத்த வரியில் தொழிலைத் தெளிவாக எழுத வேண்டும். 'அனைத்து வகையான பொருட்களும் கிடைக்கும்' என்பது எதையும் சொல்லாத வரி. 'புழுங்கல் அரிசி, பச்சரிசி, இட்லி அரிசி, குருணை – மொத்த வியாபாரம்' என்பது சொல்லும் வரி. மொத்தமா சில்லரையா என்பதையும் குறிப்பிட்டால் வீண் அழைப்புகள் குறையும்.

அடிக்கடி மாறக்கூடியதை அட்டையில் அச்சிடக் கூடாது. 2022 ஜூலையில், 25 கிலோ வரை முன்கூட்டியே பொதியிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. உடனே பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. '25 கிலோ மூட்டை' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அது அன்றே பழசாகியிருக்கும்.

அட்டையின் உச்சியில் பிள்ளையார் சுழியோ, 786 என்ற எண்ணோ, சிலுவையோ, 'முருகன் துணை' என்ற வரியோ இடுவது நம் வணிகர் வழக்கம். இது வணிகரின் விருப்பம். இட்டால் சிறியதாக, மேல் விளிம்பின் நடுவில் இடுவது போதும். தெய்வப் படத்தைப் பெரிதாக அச்சிட்ட அட்டையைக் கீழே போட மனம் வராமல் வைத்திருப்பார்கள் என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் படம் பிடித்துக்கொண்ட இடத்தில் தொலைபேசி எண் சுருங்கிப் போவதையே நடைமுறையில் காண முடிகிறது.

முகவரி

திண்டுக்கல் மாவட்ட ஆத்தூருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சேலம் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆத்தூர். 'சித்தையன்கோட்டை, ஆத்தூர்' என்று மட்டும் போட்டால் வெளியூர்ப் பார்சல் அலுவலகத்தில் ஊர் மாறிப் போக வாய்ப்புண்டு. மாவட்டப் பெயரும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணும் கட்டாயம் வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள இந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்களே போதும், குழப்பம் தீர்ந்துவிடும்: திண்டுக்கல் பகுதிக்கு 624, சேலம் ஆத்தூருக்கு 636.

ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரு தலைவலி. சித்தையன்கோட்டையை ஆங்கிலத்தில் ஒருவர் 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்குகிறார், இன்னொருவர் 'சி' என்ற எழுத்தில் தொடங்குகிறார். நடுவில் ஓர் 'ஐ' சேர்ப்பாரும் உண்டு, விடுவாரும் உண்டு. 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். வணிகர் செய்யத்தக்கது எளிது: ஜி.எஸ்.டி. சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள எழுத்துக்கூட்டலையே அட்டையிலும் இட வேண்டும். பெயரும் அப்படியே. புதிதாகச் சரக்கு வாங்குபவர் அட்டையையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டும் வேறுபட்டால் சந்தேகம் எழும். கடனுக்குச் சரக்கு தரும் இடத்தில் அந்தச் சந்தேகம் விலை உயர்ந்தது.

தொலைபேசி எண்

அட்டையில் நிறுவனப் பெயருக்கு அடுத்துப் பெரிதாக இருக்க வேண்டியது இது. பத்து இலக்கங்களையும் சேர்த்து எழுதாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதினால் வாய்விட்டுப் படித்து அழுத்த எளிது. நான்கு எண்களை அச்சிடும் வழக்கம் நல்லதல்ல. எதை அழைப்பது என்று தெரியாமல் முதல் எண்ணை மட்டும் அழைத்து, எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுவார்கள். இரண்டு எண்கள் போதும். எது கடை, எது உரிமையாளர், வாட்ஸ்அப் எதில் என்று பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.

எண் ஒரு முதலீடு என்பதைத் தமிழ்நாட்டு வணிகர்கள் 2018இன் தொடக்கத்தில் கசப்பாகக் கற்றுக்கொண்டனர். ஏர்செல் சேவை நின்றபோது, பல ஆண்டுகளாக அட்டையிலும் பலகையிலும் பைகளிலும் அச்சிட்டுப் பரப்பிய எண்கள் ஒலிக்காமல் போயின. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டதால், அதற்கான குறுஞ்செய்தியைப் பெற மக்கள் கடை வாசல்களில் கூட்டமாக நின்றனர். ஆகவே அட்டையில் இடும் எண் உரிமையாளரின் பெயரில் பதிவானதாக இருக்க வேண்டும். வேலையாளின் எண்ணையோ மருமகனின் பெயரில் வாங்கிய சிம்மையோ அச்சிட்டுவிட்டுப் பின்னால் வருந்துவோர் எல்லா ஊரிலும் உண்டு.

தமிழ் எழுத்துரு

கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. அட்டைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆயினும் நெல் விற்க வரும் விவசாயிக்கும் மூட்டை ஏற்றும் ஓட்டுநருக்கும் தமிழ்தான் வேண்டும். கேரளத்திலிருந்து வாங்க வருபவருக்கு ஆங்கிலம் வேண்டும். முன்பக்கம் தமிழ், பின்பக்கத்தின் மேற்பாதியில் ஆங்கிலம் என்பது பொருத்தமான ஏற்பாடு.

இங்கேதான் அச்சகங்களில் அதிகப் பிழை நிகழ்கிறது. பழைய கணினி எழுத்துருக்களில் கொம்பையும் ஐகாரக் குறியையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்பே தட்டச்சு செய்வார்கள். ஒருங்குறியில் மெய் முதலில், குறி பின்னால் சேமிக்கப்படும். அதை இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டபோதும், சில அச்சகங்களில் பழைய மென்பொருள்கள் தொடர்கின்றன. கைபேசியில் தட்டிய முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அங்கே ஒட்டும்போது எழுத்து சிதறுகிறது.

இதைச் சோதிக்கச் சித்தையன்கோட்டை என்ற பெயரே நல்ல சொல். அதில் இகரக் குறி, புள்ளி, இரண்டு ஐகாரம், மெய்யை இருபுறமும் சூழும் ஓகாரம் எல்லாம் உள்ளன. தை, கோ, டை மூன்றும் சரியாக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே வரும். எழுத்து சரியாக வந்த பிறகு, கோப்பை அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிவிடும்படி வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டும். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பிறகு சிதறாது.

இந்தப் பெயர் தமிழில் 8 எழுத்து, ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதினாலும் 14 எழுத்து. ஆனாலும் தமிழ் எழுத்து அகலமானது, சுழியும் புள்ளியும் உடையது. ஆங்கிலத்தில் படிக்க முடிகிற 6 புள்ளி அளவில் தமிழ்ப் புள்ளி அடைபட்டுப் போகும். 8 புள்ளிக்குக் குறையாமல் வைப்பது நல்லது. கருப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளைத் தமிழ் எழுத்து கணினித் திரையில் அழகாக இருக்கும்; அச்சில் மை பரவி எழுத்தைத் தின்றுவிடும்.

பின்பக்கம்

மண்டியில் அட்டை எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கவனித்தவர்கள் பின்பக்கத்தை முழுதும் நிரப்ப மாட்டார்கள். அன்றைய விலை, மூட்டைக் கணக்கு, லாரி எண், 'செவ்வாய் வரவும்' என்ற குறிப்பு எல்லாம் அங்கேதான் பேனாவால் எழுதப்படுகின்றன. கையால் எழுதிய அட்டையைத் தூக்கி எறிவதும் அரிது. ஆனால் பளபளப்பு லேமினேஷன் செய்த அட்டையில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், எழுதினாலும் அழியும். ஆகவே லேமினேஷனை முன்பக்கத்தோடு நிறுத்தி, பின்பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட வேண்டும். காசு கொடுத்து அச்சிட்ட இடத்தைக் காலியாக விடுவதா என்று கேட்கும் உரிமையாளர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் வடிவமைப்பாளரின் கடினமான வேலை.

கியூ.ஆர். குறியீடு 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் உருவானது. அட்டையில் இட்டால் 2 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டு இட வேண்டும். தொடர்பு எண்ணைச் சேமிக்கவோ கடையின் வரைபட இடத்தைக் காட்டவோ அது உதவும். பணம் செலுத்தும் குறியீட்டை அட்டையில் அச்சிடுவது உசிதமல்ல. வங்கிக் கணக்கு மாறினால் ஊரெங்கும் பரவிய ஆயிரம் அட்டைகளையும் திரும்பப் பெற முடியாது.

பதிவு எண்களும் சட்டமும்

ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கமும் எழுத்தும் கொண்டது. தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். அடுத்த பத்தும் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண். தனி உரிமையாளர் நடத்தும் கடையில் அது அவருடைய சொந்த எண்ணாகவே இருக்கும். அட்டையில் இட்டால் அதுவும் வெளியாகிறது என்பதைத் தெரிந்து முடிவு செய்ய வேண்டும். பில்லில் எப்படியும் வரப்போகும் எண்ணை அட்டையிலும் இட வேண்டிய தேவை குறைவே. உணவுப் பொருள் விற்பவரின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணை இடுவது வேறு வகை: உரிமம் 1 என்றும், சிறு வணிகப் பதிவு 2 என்றும் தொடங்கும் அந்த எண் வாங்குபவருக்கு நம்பிக்கை தருவது.

'பிரைவேட் லிமிடெட்' என்ற சொல்லைப் பதிவு செய்யாத நிறுவனம் பயன்படுத்தக் கூடாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் இதற்கு நாள் கணக்கில் அபராதம் உண்டு. அரசுச் சின்னமான சிங்க முகத் தூணை அனுமதியின்றி அட்டையில் இடுவதும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அளவு, தாள், மெய்ப்பு

வழக்கிலுள்ள அளவு சுமார் 89 மில்லிமீட்டர் நீளம், 51 மில்லிமீட்டர் அகலம். ஏ.டி.எம். அட்டை இதைவிட நீளத்தில் சற்றுக் குறைவு, அகலத்தில் சற்று அதிகம். வித்தியாசமாக இருக்கட்டும் என்று பெரிய அளவில் அடித்தால் பர்ஸில் நுழையாது, மடங்கிப்போகும். 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு தாள் சாதாரண வணிகத்திற்குப் போதும். வெட்டும்போது சிறிது நகர்ந்தாலும் எழுத்து அறுபடாதவாறு நான்கு விளிம்பிலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும்.

மெய்ப்பைக் கணினித் திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் தரக் கூடாது. உண்மை அளவில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து, வீட்டில் வயதான ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் கொடுத்து எண்ணைப் படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு அந்தத் தாளைப் பார்த்தே, நினைவிலிருந்து அல்லாமல், வேறொருவரின் கைபேசியிலிருந்து எண்ணை அழுத்திப் பார்க்க வேண்டும். கடைத் தொலைபேசி ஒலித்தால் அச்சுக்கு அனுப்பலாம். முதல் முறை ஆயிரத்துக்கு மேல் அச்சிட வேண்டாம்.