முகத்தில் விழும் வெளிச்சம்

வீட்டுக்கு வீடு புகைப்படக் கருவி இருக்கும் காலம் இது. தனியாகக் கருவி வாங்காதவர்களிடத்திலும் கைபேசி இருக்கிறது. அதன் முதுகில் ஒரு கண் இருக்கிறது. ஆயினும், குடும்பத்தில் ஒரு பாட்டியோ தாத்தாவோ காலமானால், கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் அகப்படுவதில்லை. கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்குகிறார்கள். அல்லது ஆதார் அட்டைக்காக எடுத்த படத்தைத் தேடுகிறார்கள். அந்த அட்டையில் இருக்கும் முகமோ, ஏதோ குற்றம் செய்து கையும் களவுமாய்ப் பிடிபட்டவருடைய முகம் போல் இருக்கிறது! எழுபது வருஷம் நம்மோடு வாழ்ந்தவருக்கு இது நியாயமா?

குறை கருவியில் இல்லை, முகத்திலும் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை; அவ்வளவுதான்.

"வெயிலில் வந்து நில்லுங்கள்" என்பார்கள் சிலர். உச்சி வேளையில், அதிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் சித்திரை, ஆவணி மாதங்களில், கண்கள் இரண்டும் இருண்ட குழிகளாகிவிடும். மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழுந்து, பெண்களுக்குக்கூட மீசை வரைந்துவிடும். கருவியிலுள்ள மின்வெட்டு விளக்கை நேராக முகத்தில் அடிப்பவர்கள் வேறு சிலர். முகம் அப்பளமாய்த் தட்டையாகும். பின்சுவரில் கரிய நிழல் ஒன்று பூதம் போல் ஒட்டிக்கொள்ளும்.

ஜன்னலைப் போன்ற நல்ல விளக்கு வேறில்லை என்பது நம் அபிப்பிராயம். கல்கத்தாவில் 1815-ஆம் ஆண்டில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமெரான் என்ற அம்மையார், இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்தபோது, 1863-இல் அவருடைய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. தம் வீட்டுக் கோழிக் கொட்டகையைப் படம் எடுக்கும் கண்ணாடி அறையாக்கினார். கரி போட்டு வைத்திருந்த அறை இருட்டறையாயிற்று. மின்சார விளக்கு ஏது? வந்த பகல் வெளிச்சத்தையே அடக்கி ஆண்டு படம் எடுத்தார். வானசாஸ்திரி ஸர் ஜான் ஹெர்ஷலை 1867-இல் அவர் எடுத்த படத்தில், இருளிலிருந்து அந்தக் கிழவரின் நரைமுடியும் கண்களும் எழுந்து வருகின்றன. 1875-இல் அம்மையார் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கும் உள்ளூர் மக்களைப் படம் எடுத்து, 1879-இல் அங்கேயே காலமானார்.

கோழிக் கொட்டகை இல்லாதவர்கள் பழைய வீட்டு ஜன்னல் ஒன்றின் அருகே போகலாம். அதற்கு மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு இருக்குமல்லவா? கீழ்க் கதவுகளைச் சாத்திவிட்டு மேல் கதவுகளை மட்டும் திறந்து வைத்தால், வெளிச்சம் சற்று உயரத்திலிருந்து சாய்ந்து விழும். நேர்வெயில் புகாத ஜன்னலாக இருப்பது முக்கியம். எழுபத்தாறு வயதான நம் அத்தையை அங்கிருந்து மூன்றடி தள்ளி ஒரு முக்காலியில் உட்கார வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோதித்துப் பார்த்தோம். ஜன்னலை நேரே பார்த்தபோது முகம் மிருதுவாக இருந்தது. சுருக்கங்கள் பாதி மறைந்தன. மெல்லத் திரும்பச் செய்ததும் ஒரு கன்னம் நிழலில் ஆழ்ந்தது. பிறகு ஒரு கட்டத்தில், நிழற்பக்கத்துக் கண்ணுக்குக் கீழே முக்கோணமாய் ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் தங்கிற்று. டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்கும் ஒளியமைப்பு இதுவே.

"ஏண்டா, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய்?" என்றாள் அத்தை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எடுத்த படந்தான் அன்றைய படங்களில் சிறந்தது.

நிழல் அதிகம் என்று தோன்றினால், அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இட்டு, வெளுத்த வேஷ்டியை அதன்மேல் விரித்துவிட வேண்டியது. திரும்பி வரும் வெளிச்சம் கன்னத்தைத் தெளிவிக்கும். வேஷ்டியை எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டால் நிழல் இன்னும் கனக்கும். இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 'அபராஜிதோ' (1956) படத்துக்காக ஸ்டூடியோவில் காசி நகரத்து வீட்டின் முற்றத்தை அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை அதன்மேல் வீசச் செய்து, திரும்பி விழுந்த ஒளியிலே படம் பிடித்தார். பார்த்தவர்களுக்கு அது முற்றத்து வானத்தின் வெளிச்சமாகவே தோன்றிற்று. சில ஆண்டுகளுக்கு முன், 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கும் வரை, அவர் சினிமாக் காமிராவைக் கையாண்டவரே அல்லர்!

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கறுத்த முகம் படத்தில் எடுபடாது என்று பவுடர் அப்பும் வழக்கம் நம்மிடையே வெகு நாளாக உண்டு. வர்ணப் படங்களை அச்சிடுவோர் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் கம்பெனி அனுப்பிய அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. அந்த முகத்துக்குத் தக்கபடி அளவு வைத்தால் நம் முகம் எப்படி விளங்கும்? இன்று பல கைபேசிகள் கேட்காமலே முகத்தை வெளுத்துக் காட்டுகின்றன. அந்த வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும். மாநிறமும் கருநிறமும் பளபளப்பினால் ஒளிபெறுபவை. பக்கத்திலிருந்து பரந்த வெளிச்சம் பட்டால் நெற்றியும் கன்ன எலும்பும் செதுக்கிய சிலை போல் எழும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கருவி ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். பழுப்போ பச்சையோ உள்ள திரையைப் பின்னால் கட்டி, கைபேசித் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, அதற்கேற்பப் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

ஜன்னலில் படம் எடுக்கும்போது அறை விளக்கை அணைக்காவிட்டால், ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும். இரவில் எடுப்பதாயின் விளக்கு ஒன்றே போதும்; அதை முகத்தில் காட்டாமல் வெள்ளைச் சுவரில் அடித்து, சுவரிலிருந்து வருவதைப் பயன்படுத்துவது நலம். நேராகவே காட்டும்போது தூரத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டடியில் இருந்த விளக்கை நான்கடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்பங்காகிவிடுகிறது. இந்த விதியை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கும் பையன்கள், தம் தங்கையின் முகத்தில் ஒரு தடவை அதைப் பார்த்தால் ஜன்மத்துக்கும் மறக்கமாட்டார்கள்.

மூக்குக் கண்ணாடி அணிந்த பெரியவர்களைக் கழற்றச் சொல்வது தகாது. கண்ணாடியில்லாத அந்த முகத்தைப் பேரக் குழந்தைகளுக்கே அடையாளம் தெரியாது. காதுப் பக்கத்துக் கம்பியைச் சிறிது உயர்த்தி வைத்தால், கண்ணாடி முன்புறம் தணிந்து, அதில் தெரியும் ஜன்னலின் பிம்பம் விலகிவிடும். அப்புறம் கண்கள் இரண்டும் நன்றாகத் தெரியும்.