முதலில் மைக் அல்ல, வீல்

லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைப் பதிவு செய்து, ஸ்பிட்ஃபயர் ஆடியோ 2019-இல் வெளியிட்ட சாம்பிள் லைப்ரரியின் ப்ரொஃபஷனல் பதிப்பைத் திறந்ததும், புதியவரின் கை மைக் ஃபேடர்களுக்கே போகும். போக வேண்டிய இடம் அதுவன்று. திரையில் டைனமிக்ஸ், எக்ஸ்பிரஷன் என்று இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டுமே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவைபோலத் தோன்றும். கீபோர்டு கணினிக்குக் கட்டளை அனுப்பும் மிடி முறையில் 11-ஆம் எண்ணுக்குரிய எக்ஸ்பிரஷன் ஒலியளவை மட்டும் மாற்றுகிறது. 1-ஆம் எண்ணுக்குரிய டைனமிக்ஸோ மென்மையாக வாசித்த பதிவிலிருந்து ஓங்கி வாசித்த பதிவுக்கே நகர்த்துகிறது. வயலினின் குணமே மாறிவிடும். கீபோர்டின் மாடுலேஷன் வீலை டைனமிக்ஸுக்கும், ஒரு ஃபேடரை எக்ஸ்பிரஷனுக்கும் ஒதுக்குவதுதான் முதல் வேலை.

தயாரிப்பாளர் தந்த அமைப்பே போதாதா என்று கேட்கலாம். ஒலி வருவதற்குப் போதும். ஆனால் உங்கள் கணினியின் ரேம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆர்கெஸ்ட்ராவைப் பதிவு செய்த ஒவ்வொரு மைக்கும் இதில் தனிப் பதிவு. எல்லாவற்றையும் திறந்துவைத்தால் ரேம் நிரம்பி இசை திக்கும். அரங்கின் ஆழத்தைத் தருபவை மைக்குகள் அல்லவா என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் வீல் அசையாமல் தட்டையாகக் கிடக்கும் வாசிப்பை எந்த மைக்கும் காப்பாற்றாது. இதே லைப்ரரியின் சிறிய பதிப்பான கோரில் தனித்தனி மைக்குகள் இல்லை, இருப்பது ஒரே மிக்ஸ். கற்பவருக்கு அது குறையே அல்ல.